சத்தம் கேக்குது, தூசி தெரியேல்ல

பழைய ஹொண்டா சிவிக், மிற்சுபிஷி லான்சர் வைச்சிருக்கிற எங்கட வட்டத்தில ஒரு வாதம் ஓயிறதே இல்லை: எந்த எயார் ஃபில்டர் போடுறது? கொம்பனிப் பெட்டியைக் கழட்டி வைச்சிட்டு, கூம்பு ஃபில்டரை எஞ்சினுக்குப் பக்கத்தில திறந்தபடி பூட்டினால் கார் நல்லா இழுக்கும் எண்டு ஒரு கட்சி. வல்வெட்டித்துறையில கார் ஓடுறவன் முதல்ல தன்ர ஊர்க் காற்றைப் பார்க்கவேணும் எண்டுறது எங்கட கட்சி.

ஒரு 1600 சிசி எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் முழுசாக மூச்செடுத்தால், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4800 லீற்றர் காற்றை உறிஞ்சும். எங்கட பக்கம் சோளகம் வீசுற மாதங்களில காய்ஞ்ச மண் தூசியாக எழும்பும். வாடை தொடங்கினால் கடல் ஈரமும் உப்பும் கரையோர றோட்டுக்கு வரும். எஞ்சின் குடிக்கிறது இந்தக் காற்றைத்தான். மண் தூசியில இருக்கிற குவார்ட்ஸ், சிலிண்டர் இரும்பை விடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியிற மணலை எந்த ஃபில்டரும் மறிக்கும். 5 முதல் 20 மைக்ரோன் வரையான பொடிதான் ஆபத்து. அது எண்ணெய்ப் படலத்துக்குள்ள புகுந்து, பிஸ்ரன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் அரம் மாதிரித் தேய்க்கும்.

நல்ல காகித ஃபில்டர் இந்தப் பொடியை நன்றாகப் பிடிக்கும்; கொஞ்சம் தூசி படிந்த பிறகு இன்னும் நன்றாகப் பிடிக்கும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் காற்று இலகுவாகப் போகும், கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். ஆனால் எண்ணெய் குறைஞ்சால் தூசி உள்ளே போகும், கூடினால் காற்றளவு சென்சாரில் படியும். அந்த வேலையைப் பொறுமையாகச் செய்யிறவனுக்கு மட்டும்தான் அது சரி.

திறந்த கூம்புக்கு இன்னொரு சிக்கல் சூடு. வெளியில 32 பாகை, பொனற்றுக்குக் கீழே 60 பாகை எண்டு வைச்சால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 வீதம் குறையும். அடர்த்தி குறைஞ்ச காற்றில ஒக்சிசனும் குறைவு, அதனால வலுவும் குறைவு. ஆனால் உறிஞ்சுற சத்தம் கூடும். காது அதை வேகம் எண்டு நம்பிவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். விலையோ இப்பவும் எங்கட கைக்கு எட்டாது. தேய்ஞ்சுபோன எஞ்சினுக்கு மாற்று எஞ்சின் தேடினவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடைக்குள்ள மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டின தலைமுறை எங்களுக்கு முந்தினது. மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள்ள இறங்கி அதைத் தண்ணியாக்கும் எண்டு தெரிஞ்சும், வேற வழியில்லாமல் ஓட்டினவை. எங்களுக்கு வழி இருக்கு. பிறகேன் நாங்களே விரும்பித் தூசியை உள்ளே விடுவான்?

அதனால நாங்கள் சொல்லுறது இதுதான். மூடின பெட்டி அப்படியே இருக்கட்டும். குளிர்காற்று வாற குழாயில வெடிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ. அளவு பிசகாத ஃபில்டராக வாங்குங்கோ. விளிம்பு றப்பர் சரியாக அமராட்டில் எவ்வளவு விலை குடுத்தும் பிரயோசனமில்லை. சோளகத்தில கொம்பனி சொன்ன தூரத்துக்கு முந்தியே திறந்து பாருங்கோ. காகிதத்தைக் கழுவவேண்டாம், பலத்த காற்றடிச்சுக் கிழிக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. ஃபில்டருக்கு அங்கால, எஞ்சின் பக்கக் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால துடையுங்கோ. துணியில மண் ஒட்டினால், அந்த ஃபில்டர் எந்தப் பெரிய பெயரோட வந்தாலும் உங்கட காருக்கு வேண்டாம்.