மறைபொருள் அறிந்தவர்

துப்பறியும் கதைகள்பால் நாம் கொள்ளும் ஈர்ப்புக்குக் காரணம் உண்டு. மறைந்திருப்பதை ஒருவர் வெளிக்கொணர்கிறார், குழப்பம் நீங்குகிறது, நீதி நிலைபெறுகிறது. ஆனால், துப்பறிபவரின் கையில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு மாறாக மந்திர நூல்கள் இருந்தால்? கைரேகைகளுக்கு மாறாக அலகைகளின் பெயர்களை அவர் அறிந்திருந்தால்? இக்கேள்வியை எழுப்பும் சித்திரக்கதை ஒன்று என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

அக்கதையின் நாயகர் ஜான் கான்ஸ்டன்டைன். ஆலன் மூர் என்ற ஆங்கில எழுத்தாளரும், ஸ்டீவ் பிசெட், ஜான் டாட்டில்பென் ஆகிய ஓவியர்களும் படைத்த இவர், 1985-இல் ‘ஸ்வாம்ப் திங்’ என்னும் அமெரிக்க இதழில் முதன்முதலாகத் தோன்றினார். 1988-இல் ‘ஹெல்பிளேசர்’ என்ற தனி இதழ் இவருக்கெனத் தொடங்கப்பெற்று, 2013 வரை 300 இதழ்கள் வெளிவந்தன. லிவர்பூலில் பிறந்த எளிய குடும்பத்து மனிதர், கசங்கிய மேலங்கி, விரலிடையே அணையாத சிகரெட்டு. இவருடைய ஆயுதம் உடல் வலிமையன்று, மறைபொருள் அறிவே.

அந்த அறிவு அவருக்கு எதைத் தந்தது? நியூகாசில் நகரில் ஆஸ்ட்ரா என்னும் சிறுமியைத் தீய ஆற்றலிடமிருந்து மீட்க அவர் நண்பர்களோடு செல்கிறார். ஓர் அலகையை ஓட்ட மற்றோர் அலகையை அழைக்கிறார். அதன் உண்மைப் பெயரை அவர் அறிந்திருக்கவில்லை. ஆகவே அது அவருக்குக் கட்டுப்படவில்லை. சிறுமியை நரகத்துக்கே இழுத்துச் செல்கிறது. அதன் பின் அவர் மனநல விடுதியில் நலிகிறார்.

1991-இல் கார்த் என்னிஸ் எழுதிய தொடரில் கான்ஸ்டன்டைனுக்கு நுரையீரல் புற்றுநோய் காண்கிறது. நரகத் தலைவர்கள் மூவரும் தம் ஆன்மாவுக்கு உரிமை கோரும்படி அவர் சூழ்ச்சி செய்கிறார். அவர் இறந்தால் மூவரிடையே போர் மூளும். எனவே அவர்களே அவருடைய நோயை நீக்க வேண்டியதாகிறது. ஆனால் மருத்துவமனையில் அவருக்கு நண்பரான மாட் என்னும் முதியவரும் புற்றுநோயால் சாகக் கிடந்தவர்தாம். தம்மைக் காத்துக்கொண்ட சூழ்ச்சியால் அந்த முதியவரைக் காக்க அவரால் இயலவில்லை.

இச்சித்திரக்கதை சிறுவர்க்கு உரியதன்று. கடவுளையும் வானதூதர்களையும் அது காட்டும் விதம் நம் விசுவாசத்துக்கு ஒவ்வாதது. ஆயினும், அன்பில்லாத அறிவு வெறுமையானது எனப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய உண்மைக்கு அது தன்னை அறியாமலே சான்று பகர்கிறது.

அந்தப் புற்றுநோய்க் கதையை என்னால் எளிதாகக் கடந்து செல்ல இயலவில்லை. என் தமக்கையார் அதே நோயால் படுக்கையில் கிடந்த நாள்களில், “யார் செய்த வினையோ, ஒருமுறை குறி கேட்டுப் பார்த்துவிடலாமே” என்று மூத்த உறவினர் ஒருவர் வற்புறுத்தினார். பக்கத்து வீட்டு அம்மையார்மீது அவருக்கு ஐயம் இருந்தது. அத்தான் தளர்ந்திருந்தார், ஏறத்தாழ இசைந்துவிட்டார். அக்கா மட்டும் மறுத்தார். “காரணம் தெரிந்தால் வலி குறையுமா, தம்பி? நீ பக்கத்தில் இரு, செபமாலை சொல்லுவோம்” என்றார்.

குறி கேட்பதையும் மாந்திரீகத்தையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாக விலக்குகிறது. ஏன் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. குறி சொல்பவர் தரும் விடை பெரும்பாலும் ஒரு மனிதரின் பெயராகவே இருக்கும்: ஓரகத்தி, பங்காளி, அண்டை வீட்டார். நோய் தீராது, பகை பிறக்கும். நான்கு மாதங்களில் அக்கா இறைவனடி சேர்ந்தார். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத அந்நாள்களில் எங்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தவர், உறவினர் ஐயுற்ற அதே அம்மையார்தாம். குறி கேட்டிருந்தால் அந்தச் சோற்றை எந்த முகத்தோடு வாங்கியிருப்போம்?

சாமுவேல் முதல் நூலின் 28-ஆம் அதிகாரத்தில் சவுல் அரசர் மாறுவேடம் பூண்டு, இரவில் ஏன்தோரில் வாழ்ந்த குறிசொல்பவளை நாடிச் செல்கிறார். அத்தகையோரை நாட்டைவிட்டு விரட்டியவரும் அவரே. நாளை நேரப்போவதை அவர் அறிந்துகொள்கிறார். அறிந்ததும் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுகிறார். பகலும் இரவும் உண்ணாதிருந்த அவருக்கு அந்தப் பெண்ணே கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து, புளியாத அப்பம் சுட்டுத் தருகிறாள். அவள் வெளிப்படுத்திய மறைபொருள் அவரை வீழ்த்தியது. அவள் தந்த உணவோ அவரை எழுந்து நடக்கச் செய்தது. இறைவார்த்தை இவ்விரண்டையும் ஒரே அதிகாரத்தில் அருகருகே வைத்திருப்பது வியப்புக்குரியது.

துன்பம் ஏன் வந்தது என்னும் வினா நம் இல்லங்களில் இனியும் எழும். அதை எழுப்புவது பாவமன்று, யோபுவும் எழுப்பினார். ஆனால் விடை தேடி இருட்டுக்குள் செல்பவர்கள், நோயாளியின் அருகே இருக்கும் நாற்காலியைக் காலியாக விட்டுச் செல்கிறார்கள். அந்த நாற்காலியில் நாம் அமர வேண்டும்.