கையில் குருவியும் கொசுவர்த்திச் சுருளும்!

அமெரிக்காவில் 'கையில் குருவி' என்று ஒரு ஊர் இருக்கிறது சார்! நிஜமாகவே. 'பேர்ட்-இன்-ஹேண்ட்', பென்சில்வேனியா மாநிலம், லங்காஸ்டர் மாவட்டம். அதற்குப் பக்கத்து ஊரின் பெயரை இங்கே எழுதினால் ஆசிரியர் என் கையை ஒடிப்பார். நீங்களே மேப்பில் தேடிக் கொள்ளுங்கள்!

2019 மார்ச்சில் ஆபீஸ் வேலையாக மூன்று மாசம் பிலடெல்பியா போயிருந்தேன். போன வாரமே வீட்டிலிருந்து அர்ச்சனை. "ஒரே அண்ணன், நீ இல்லாம தங்கச்சிக்கு வளைகாப்பாடா?" என்று அம்மா போனில் அழுதாள். ரெண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தாள் என் தங்கை. பிறக்கப் போகிற பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது?

"வாங்க தம்பி, மனசு மாறும்" என்று காரில் ஏற்றினார் ஆபீஸிலிருந்த மதுரைக்கார அண்ணன். கோர்டன்வில் என்ற ஊரில் இறக்கிவிட்டார். முழங்கால் வரை சேறு! அன்றைக்கு அங்கே 'மட் சேல்', அதாவது சேற்று ஏலம். பனி உருகித் தரை சொதசொதவென்று ஆகிற சமயத்தில் ஊர்த் தீயணைப்புப் படைக்குப் பணம் திரட்ட நடத்துகிறார்கள். மாடு, கலப்பை, நாற்காலி, குதிரை வண்டி எல்லாம் ஏலம். கூட்டத்தில் பாதி, தாடியும் தொப்பியுமாக ஆமிஷ் ஜனங்கள். வீட்டுக்கு கரண்ட் கம்பி இழுக்க மாட்டார்கள். கார் வைத்துக் கொள்ள மாட்டார்கள். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் பிடிக்காது. நான் நீட்டினேன். அண்ணன் கையில் ஒரு அடி போட்டார்.

ஒரு கூடாரத்தில் க்வில்ட் ஏலம். நம்ம ரஜாய் மாதிரிதான். மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழ்த்துணி, மூன்றையும் சேர்த்துக் கையால் தையல். 1971-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் இந்த மாதிரிப் போர்வைகளை ஓவியம் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி நடத்தியதாம். நான் பார்த்த ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டிப் போயிற்று. மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். தொட்டிலில் போட இத்தனூண்டு கிடைக்காதா?

திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில் பலகை: 'க்வில்ட் கிடைக்கும். ஞாயிறு விற்பனை இல்லை.' உள்ளே ஒரு ஆமிஷ் பாட்டி. பெரிய மேஜையில் கருநீலத் துணியை விரித்து, தேய்ந்த சோப்புத் துண்டால் கோடு போட்டுக் கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டுவார்கள். இங்கே அதுதான் பென்சில்! கருப்புத் துணியிலும் பளிச்சென்று தெரியும், தண்ணீர் பட்டால் போய்விடும்.

என் கதையை அண்ணன் எடுத்துச் சொன்னார். பாட்டி என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "வாங்காதே. நீயே தை" என்றார்.

வெளிர்மஞ்சளில் ஒரு கஜச் சதுரம், துவைத்தால் அழியும் நீலப் பேனா ஒன்று. விலை என் பர்ஸுக்குள் அடங்கியது. டிசைன்? பிளாஸ்டிக் ஸ்டென்சில் ஒன்றை நீட்டினார். சாட்சாத் கொசுவர்த்திச் சுருள்! ஆனால் வெட்டு அங்கங்கே நின்று நின்று போனது. "உடைஞ்சிருக்கே" என்றேன். பாட்டி சிரித்தார். சுருளை முழுசாக வெட்டினால் தகடு ஸ்பிரிங் மாதிரித் தொங்கிவிடுமாம். அதற்காக நடுநடுவே பாலம். கோடு போட்டதும் பால இடைவெளிகளைக் கையால் இணைக்க வேண்டும்.

இன்னொரு சூட்சுமமும் அதில் இருந்தது. ஒற்றைச் சுருளானால் ஊசி நடுவில் போய் மாட்டிக் கொள்ளும்; நூலை அறுக்க வேண்டும். அதனால் ரெட்டைச் சுருள். ஒரு தடத்தில் உள்ளே போய் இன்னொன்றில் வெளியே வரலாம். கொசுவர்த்தி டப்பாவில் ரெண்டு சுருள் பின்னிக் கிடக்குமே, பிரிக்கும்போது உடைப்போமே, அதேதான்!

துணியை மடித்து மையம் கண்டுபிடித்து, ஸ்டென்சில் நகராமல் டேப் ஒட்டி, வரிசைக்கு மூன்றாக ஒன்பது சுருள் போட்டேன். ஒரு மணி நேரம். இடுப்பு போயிற்று. கோலம் போடுகிற அம்மாவை முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

அன்றிரவு ரூமில் பார்த்தால் துணியெல்லாம் மடிப்பு. பாட்டி கிளம்பும்போது 'அயர்ன்' என்று ஏதோ சொன்னாரே... செய் என்றாரா, செய்யாதே என்றாரா? செய்தேன். முதல் சுருள் நீலத்திலிருந்து பழுப்புக்கு மாறியது! தண்ணீர், சோப்பு, எலுமிச்சம்பழம் எதற்கும் அசையவில்லை. சூடு பட்டால் அந்த மை அப்படியே பிடித்துக் கொள்ளுமாம். அபசகுனமோ என்று ராத்திரி பூரா தூக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாட்டி முன்னால் திருடன் போல் நின்றேன். அவர் திட்டவில்லை. பெட்டியைக் கிளறிப் பழுப்பு நூல்கண்டு ஒன்றை எடுத்து வைத்தார். "அதன் மேலேயே தை." காசு வாங்கவில்லை.

தினம் ஆபீஸ் முடிந்து தைத்தேன். அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டால் நல்ல கை என்றிருந்தார் பாட்டி. நான் போட்டது நாலு, விரலையும் சேர்த்து. போனில் பெருமையாகச் சொன்னதும் அம்மா அலறினாள். "பிறக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைக்குத் துணி தயார் பண்ணக் கூடாதுடா! போன ரெண்டு தடவையும்..." என்று நிறுத்திவிட்டாள்.

சகுனம் பார்க்கிற ஆளில்லை நான். ஆனாலும் எட்டு சுருள் முடிந்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டேன். ஒன்பதாவது நீலக் கோடாகவே மூன்று வாரம் கிடந்தது. கை வியர்வை பட்டு அழிந்துவிடுமோ என்று தொடவே பயம்.

மே மாசம் விடிகாலை மூன்று மணிக்குப் போன். மாப்பிள்ளைதான். "மச்சான்..." என்றவர் பேசாமல் தேம்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. "பொண்ணு மச்சான்! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

விளக்கைப் போட்டு உட்கார்ந்து ஒன்பதாவதைத் தைத்து முடித்தேன். குளியல் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி அமுக்கினேன். நீலக் கோடுகள் ஒரே நிமிஷத்தில் மாயம். தையல் மட்டும் நின்றது.

அந்தப் பழுப்புச் சுருள் மட்டும் இன்றைக்கும் போகவில்லை. என் மருமகளும் தன் பங்குக்கு அதை எத்தனையோ தடவை நனைத்துப் பார்த்துவிட்டாள்!