ஏப்ரல் மழையில் மிருதங்கம்

அமெரிக்காவில் ஈரீ ஏரிக்கரையில் இருக்கும் க்ளீவ்லண்டில் வசந்தம் ஈரத்தோடுதான் வரும். ஏப்ரலில் ஒரே நாளில் மழை, வெயில், சில சமயம் பனிகூடப் பெய்யும். 1978 முதல் இங்கே தியாகராஜ ஆராதனை நடப்பதும் ஈஸ்டரை ஒட்டிய அந்தப் பருவத்தில்தான். மிருதங்கக்காரருக்கு அப்போது கணக்கைவிடத் தோலின் மேல்தான் கவனம் அதிகம் வேண்டும்.

தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், சுருதி இறங்கும். காய்ந்தால் இறுகும், சுருதி ஏறும். இங்கே மழைநாளில் இரண்டும் நடக்கும். வெளியே 5 டிகிரி குளிரில் ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கலாம். அதே காற்றை ஹீட்டர் 21 டிகிரிக்குச் சூடாக்கும்போது ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காரிலிருந்து மேடைக்குப் போவதற்குள் வாத்தியம் இரண்டு பருவங்களைத் தாண்டுகிறது. வீட்டில் சேர்த்த சுருதி அங்கே நிற்காது.

அதனால் அரங்கத்துக்குச் சீக்கிரமே போய்விடுவேன். உறையை உடனே கழற்ற மாட்டேன். குளிர்ந்த தோலில் வெதுவெதுப்பான காற்று பட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். உறைக்குள்ளேயே அறையின் சூட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டு, பிறகுதான் கல்லையும் கட்டையையும் எடுப்பேன். வலப்பக்கமான வலந்தலையின் மூட்டில், அதாவது தோலைச் சுற்றிய பின்னல் விளிம்பில், மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். எதிரெதிர்க் கண்களில் மெல்லத் தட்டி, சுற்றிலும் ஒரே நாதம் வரும்வரை பொறுமையாகச் சேர்க்க வேண்டும்.

இடப்பக்கமான தொப்பிக்கு ரவை பிசையும்போது தண்ணீரைக் கைநிதானமாக விடவேண்டும். ஹீட்டர் ஓடும் மேடையில் ரவை பாதிக் கச்சேரியிலேயே காய ஆரம்பிக்கும், ஈர விரலால் தொட்டுவிட்டால் போதும். வாசித்து முடித்ததும் ரவையைச் சுத்தமாக வழித்து, தோல் உலர்ந்த பின்பே உறை போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

சுருதி இறங்கிவிட்டதே என்று வலந்தலையை ஹீட்டருக்கு நேரே காட்டுவது வேண்டாம். ஹேர் டிரையரும் வேண்டாம். தோல் ஒரே அடியாக இறுகும்போது அதன் நடுவிலுள்ள கருப்புக் கரணையில் விரிசல் விழும். அதற்கு மறுபடி ‘சோறு’ என்னும் கரும்பசை போட அயல்நாட்டில் ஆள் கிடைப்பது கடினம்.

இங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: இரவில் மிருதங்கத்தைக் கார் டிக்கியில் விட்டுவிட்டு வராதீர்கள். நீங்கள் தூங்கும் அறையிலேயே அதையும் வையுங்கள். உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் காற்று அதற்கும் ஒத்துக்கொள்ளும்.