மேலே நிற்பவன்

2025 செப்டம்பரில் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் நின்ற ஒரு பார்ஜில், பேலஸ்ட் டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். எங்கள் அருப்புக்கோட்டையில் நாற்கரச் சாலை ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம் அது. திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகள் கப்பல் வேலை என்று முதலில் பெட்டி தூக்குவதும் அந்த ஊரைப் பார்த்துத்தான். செய்தி வந்த வாரம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றையே கேட்டார்கள்: "தீப்பிடிக்கல, வெடிக்கல, முங்கிச் சாகிற அளவுக்குத் தண்ணியும் இல்ல. வெறும் தொட்டி எப்படிங்கய்யா ஆளைக் கொல்லும்?"

கப்பலில் போசனாக, அதாவது தளத்து மாலுமிகளின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

சரக்கு இல்லாத நேரத்தில் கப்பல் நிதானமாக நிற்பதற்காகக் கடல்நீரை நிரப்பி வைக்கும் இரும்பு அறைதான் பேலஸ்ட் டேங்க். நீரை இறைத்துவிட்டு மூடி வைத்தால் ஈரச் சுவர் துருப்பிடிக்கும். இரும்பு துருப்பிடிப்பது என்றால் காற்றிலுள்ள ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்கிறது என்று பொருள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த டேங்கில் காற்று இருக்கும். நமக்கு வேண்டியது அதில் இருக்காது. அடியில் தங்கிய சேறு அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கிறவன் அந்த நேரத்தில்தான் அதிக ஆபத்தில் நிற்கிறான்.

டேங்க் மட்டுமல்ல, நங்கூரச் சங்கிலி சுருண்டு கிடக்கும் செயின் லாக்கரும் அப்படித்தான். மரம் ஏற்றிய ஹோல்டும், அதாவது சரக்கு அறையும் அப்படியே. 2014 மே மாதம் இங்கிலாந்தின் கூல் துறைமுகத்தில், மரம் ஏற்றி வந்த சுன்டிஸ் என்ற கப்பலில் ஹோல்டுக்கு இறங்கும் வழியிலேயே மூன்று பேர் இறந்தார்கள். வெட்டிய மரமும் ஆக்சிஜனை இழுக்கும். நம் பக்கம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மூட்டை கட்டி அனுப்பும் கரிக்கும் அந்தக் குணம் உண்டு. அணைந்து ஆறின பிறகும் கரி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். அதனாலேயே தானாகச் சூடேறும். கப்பல் விதிகளில் அதை ஆபத்தான சரக்குகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். கரி நிறைந்த மூடிய அறைக்குள் தலையை விடுமுன் யோசிக்க வேண்டும், அது ஹோல்டாக இருந்தாலும் சரி, ஊர் எல்லையில் நிற்கும் குடோனாக இருந்தாலும் சரி.

எங்கள் ஊர்ப் பையன்கள் கிணற்றில் தம் கட்டி முங்கி, அடியில் கிடக்கும் மண்ணை அள்ளி வந்து காட்டுவார்கள். அந்தத் தைரியம் கப்பலுக்கும் கூடவே வருகிறது. "ஒரு நிமிஷம் தம் கட்டினா போதும், ஆளைத் தூக்கிட்டு வந்துரலாம்" என்று நினைப்பான். தண்ணீருக்குள் வாயைத் திறக்கக்கூடாது என்று உடம்புக்கே தெரியும். டேங்கில் கண்ணுக்குத் தெரிவது வெறும் காற்று. மயங்கிக் கிடப்பவனைத் தூக்க முயலும்போது தம் உடையும், தன்னை அறியாமல் ஒரு மூச்சு உள்ளே போகும். ஆக்சிஜன் 6 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் காற்றை இழுத்தால் நுரையீரல் வேலையே தலைகீழாகிவிடும். இரத்தத்தில் ஏற்கெனவே இருந்த ஆக்சிஜனும் வெளியே போய்விடும். ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். மூச்சு முட்டும் உணர்வுகூட வராது. நமக்கு மூச்சு முட்டுவது கரியமில வாயு உள்ளே சேர்வதால்தான். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படி உரக்கச் சொல்லாது. ஓடிவிடலாம் என்று தோன்றும் முன்பே கால் மடிந்துவிடும்.

கிணறு தூர்வார இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தவர்கள் நம் பெரியவர்கள். அது நல்ல புத்தி. எத்தனையோ உயிரைக் காத்திருக்கும். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கும்வரை சுடர் எரிந்துகொண்டிருக்கும். அந்த அளவில் மனிதனுக்குத் தலை சுற்றத் தொடங்கியிருக்கும். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு அசையாமல் எரியும். தண்ணீர் கீழே போகப் போக டீசல் எஞ்சினையும் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினோமே, அதன் புகை நிறைந்த கிணறுகளில் விளக்கு எந்த எச்சரிக்கையும் தந்திருக்காது. எண்ணெய்க் கப்பலில் விளக்கை இறக்கினாலோ கப்பலே வெடித்துவிடலாம்.

ஆகவே வாயு அளக்கும் மீட்டர். நீளமான குழாயை இறக்கி மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் மூன்றிலும் அளக்க வேண்டும். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் படியும். ஆக்சிஜன் 21 சதவீதம் காட்ட வேண்டும். "இருபது இருக்கே, போதாதா?" என்று இளம் அதிகாரிகளே கேட்டிருக்கிறார்கள். வெளிக்காற்றில் 20.9 இருப்பது உள்ளே 19.9 ஆகியிருந்தால், வேறொரு வாயு உள்ளே புகுந்து அதைத் தள்ளியிருக்கலாம். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், அப்படியானால் அந்த வாயு நூற்றுக்கு ஐந்து பங்குக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்ல ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கே போதும். ஒரு சதவீதம் குறைந்ததற்கு ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன்.

இதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியது. இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது.

2007 செப்டம்பர் 23. வட கடலில் எரிவாயு ரிக் ஒன்றுக்குக் காவலாக நின்றது வைகிங் ஐலே என்ற கப்பல். ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ள கப்பல் அது. செயின் லாக்கரில் சங்கிலி ஆடிச் சத்தம் போட்டது. அதைக் கட்டி வைக்க இரண்டு மாலுமிகள் போனார்கள். இறங்கியவன் விழுந்தான். மேலே நின்றவன் வாக்கி-டாக்கியில் தகவல் சொல்லிவிட்டு அவனும் இறங்கினான், விழுந்தான். மூன்றாமவர் மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். திறப்பு குறுகலாக இருந்ததால் அதோடு நுழைய முடியவில்லை. தப்பியோடுவதற்கு மட்டுமே பயன்படும் சிறிய கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார். மூவருமே இறந்தார்கள். சங்கிலியின் துரு உள்ளே இருந்த ஆக்சிஜனைக் குடித்திருந்தது.

மூடிய இடங்களில் இறப்பவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எழுதியது. அந்தக் கணக்குப்படி, விவரமில்லாமல் முதலில் இறங்கியவனை விட, பாசத்தோடு பின்னால் குதித்தவர்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள்.

எங்கள் மண்ணில் இதைச் சொல்வது எளிதல்ல. கிணற்றுக்குள் அண்ணன் விழுந்து கிடக்க, தம்பி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்றால் ஊர் அவனை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டும். அந்தப் பழிக்குப் பயந்தே குதித்தவர்கள் உண்டு. அண்ணன் தம்பி, அப்பன் மகன் என்று ஒரே கிணற்றில், ஒரே கழிவுநீர்த் தொட்டியில் அடுத்தடுத்துப் போன செய்திகளை நம் நாளிதழ்களில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். குதித்தவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நிற்பவனைக் கோழை என்று சொல்லும் நம் நாக்கைத்தான் குறை சொல்கிறேன்.

கப்பலில் மேன்ஹோல் வாசலில் ஒருவனை நிறுத்துவோம். அவனுக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. உள்ளே எத்தனை பேர் என்று எழுதி வைப்பான், குறித்த நேரத்துக்கு ஒருமுறை பேசுவான், பதில் வராவிட்டால் அலாரம் அடிப்பான். என்ன நடந்தாலும் உள்ளே இறங்கமாட்டான். நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். ஒருமுறை உள்ளே இருந்தவனிடமிருந்து சத்தமே இல்லை. கூப்பிட்டேன், பதில் வரவில்லை. என்னோடு ஒரே கேபினில் படுத்தவன். அலாரத்தை அடித்துவிட்டு ஏணியின் மேல்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் தானாக உள்ளே போகப் பார்த்தது. மூச்சுக் கருவி மாட்டியவர்கள் வந்து இறங்கியபோது அவன் நலமாகத்தான் இருந்தான், வாக்கி-டாக்கியின் பேட்டரி தீர்ந்திருந்தது. வீண் அலாரம் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. சீஃப் ஆபீசர் என் தோளில் தட்டி, "இப்படித்தான் நிக்கணும்" என்றார். மனிதர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல சொற்களில் அதைத்தான் இன்றும் பெரிதாக வைத்திருக்கிறேன்.

நிற்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை உலகம் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டது. மூடிய இடங்களில் நுழைவது பற்றிய திருத்திய பரிந்துரையை சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011 நவம்பரில் ஏற்றது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்பு ஒத்திகை என்பது 2015 ஜனவரி முதல் கட்டாயம். கப்பலிலேயே வாயு அளக்கும் கருவி இருக்க வேண்டும் என்பது 2016 ஜூலை முதல். நல்ல விதிகள். ஆனால் அவை கடலோடும் மாலுமியைச் சுற்றியே இருக்கின்றன. துறைமுகத்தில் நாள்கூலிக்கு டேங்க் கழுவ வருகிறவனுக்கு யார் ஒத்திகை நடத்துவது? ஊரில் செப்டிக் டேங்கில் இறக்கப்படுகிறவனுக்கு? பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டுத் தொகை கூடுகிறது. மூடியைத் திறந்து ஊதுகாற்று விடுவதற்கான செலவு அதில் சிறு துளிகூட ஆகாது.

கிணற்று வேலை வைத்திருக்கும் சம்சாரிகளே, எஞ்சினை நிறுத்துங்கள். ஆள் இறங்கும் முன்பே இடுப்பில் கயிறு கட்டுங்கள். விழுந்த பிறகு கட்டுவதற்கு ஆள் இறங்க வேண்டியிருக்கும், அப்புறம் இரண்டு பிணம். கட்டிய கயிற்றை மேலிருந்தே இழுக்கலாம். பதில் இல்லையென்றால் அந்தக் கணமே 112-க்குப் பேசுங்கள்.

கப்பலேறப் போகும் பிள்ளைகள் சொல்லிக்கொள்ள வரும்போது பெற்றவர்களையும் கூட உட்கார வைத்தே பேசுகிறேன். மீட்டர் காட்டாமல் எவர் இறங்கச் சொன்னாலும் மாட்டேன் என்று சொல், இறங்குவதற்குக் கையெழுத்திட்ட பெர்மிட்டைக் கேள், வாசலில் நிற்பவன் யார் என்று பார்த்துக்கொள் என்கிறேன். "வேலையை விட்டு அனுப்பிட்டா என்ன பெரியப்பா பண்றது?" என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் கட்டிய வீடுகள் அவை. அதற்காக உன்னைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டால் நேரே என்னிடம் வா, அடுத்த கப்பல் கிடைக்கும்வரை உன் கடனுக்கான வட்டியை நான் கட்டுகிறேன் என்று அவன் அப்பா, அம்மா முன்னாலேயே சொல்லி அனுப்புகிறேன்.