வெண்ணெய் உருண்டைப் பாறையின் நிழலில்

ஆம்பூர், வேலூர்ப் பகுதியில் வாழும் நமக்குப் பாறை புதிய காட்சியன்று. கதவைத் திறந்தால் மலை. மலைமேல் எவரோ அடுக்கி வைத்தாற்போல் உருண்டைக் கற்கள். அவை எவ்வாறு அங்கே ஏறின என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டபோது, நோவாவின் காலத்து வெள்ளம் உருட்டி வந்து வைத்ததாகும் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் கூறியதுண்டு. அவ்விடையை நாங்களே திரும்பப் பெற நேர்ந்த பயணத்தைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் மாணவர் 32 பேரையும் பெரியவர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் சென்றோம். விடியுமுன் புறப்பட்டும், வாலாஜா, காஞ்சிபுரம், செங்கற்பட்டு வழியாகக் கடற்கரையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. வழியில் சாம்பார்ப் பாத்திரம் கவிழ்ந்ததைத் தவிரச் சொல்லத்தக்க துன்பம் ஏதும் நேரவில்லை.

சரிவான பாறையின்மேல், இதோ உருண்டுவிடப் போகிறது என்னும் தோற்றத்துடன் நிற்கிறது அந்தக் கல். உயரம் ஏறத்தாழ 6 மீட்டர். அகலம் 5 மீட்டர். எடை 250 டன் என மதிப்பிட்டுள்ளனர். அத்தனை பாரமும் அடியில் ஒரு மீட்டருக்குச் சற்றே மிகுந்த இடத்தில்தான் பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வான் இறைக் கல் என்பது அதற்கு வழங்கும் ஒரு பெயர். மக்கள் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்றே அழைக்கின்றனர். 1908ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி, கீழே உள்ளோருக்கு ஆபத்து என அஞ்சி ஏழு யானைகளைக் கொண்டு இழுக்கச் செய்தார் என்றும், கல் அசையவில்லை என்றும் கூறுவர். 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் அதன்முன் கைகோத்து நின்ற படத்தை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் சிறுவருக்கோ ஆளுநரும் அதிபரும் ஒரு பொருட்டல்லர். பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி வழுவழுப்பாக்கிவிட்ட அச்சரிவே பொருட்டு. கால்சட்டைகள் இரண்டு கிழிந்தன.

"சார், இதைக் கொண்டுவந்தது வெள்ளம் இல்ல, பனியாறு. எங்க புவியியல் புத்தகத்துல இருக்கு" என்றான் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் கூற்று வெறும் கற்பனையன்று. ஜெர்மனியின் ருய்கன் தீவுக் கரையோரம் கடலில் கிடக்கும் பஸ்கம் என்னும் பெருங்கல், பனிக்காலத்தில் வடக்கேயிருந்து பனி சுமந்து வந்து விட்டதே. அத்தகைய கற்களுக்கு நோவாவின் வெள்ளமே காரணம் என்று முன்னாளில் அறிஞர் பலரும் எண்ணினர். ஆங்கிலிக்கன் குருவும் ஆக்ஸ்போர்டு பேராசிரியருமான வில்லியம் பக்லண்டு, வெள்ளத்தின் சான்றுகளைத் தொகுத்து 1823இல் நூலே எழுதினார். பின்னர் சுவிட்சர்லாந்தின் லூயி அகாசி பனியாறுகளின் செயலை எடுத்துரைத்தபோது, 1840இல் அவருடன் ஸ்காட்லாந்தைச் சுற்றிக் கண்ணாரக் கண்டு, தம் பழைய கருத்தைக் கைவிட்டார்.

ஆயினும் அந்தப் பனி நம் கடற்கரையை எட்டியதில்லை. பனியாறு விட்டுச்சென்ற கற்களை நம் நாட்டில் காண விரும்புவோர் ஒடிசாவின் தால்ச்சேருக்குச் செல்லலாம். 1856இல் கண்டறியப்பட்ட அக்கற்படுகை ஏறத்தாழ 30 கோடி ஆண்டு பழமையானது.

அவ்வாறாயின் இக்கல் எங்கிருந்து வந்தது? எங்களுடன் வந்திருந்த முதியவர் ஒருவர், தோல் தொழிற்சாலையில் சேருமுன் இளமையில் கல் உடைத்தவர். அவர் மெல்ல ஏறிவந்து ஒரு கையைக் கல்லின்மேலும் மறு கையைக் கீழ்ப்பாறையின்மேலும் வைத்தார். "ரெண்டும் ஒரே கல்லுதான் சார். இது எங்கேருந்தும் வரல. சுத்தி இருந்ததுதான் போயிடுச்சு. நம்ம மலையில வெட்டினா, மக்கின மண்ணுக்குள்ள இப்படித்தான் உருண்டையா கல்லு இருக்கும். மண்ணு கரைஞ்சதும் கல்லு தனியா நிக்கும்" என்றார்.

புவியியலார் கூறுவதும் அதுவே. நிலத்தடிக் கருங்கல்லில் குறுக்கும் நெடுக்கும் வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே நீர் இறங்கிக் கல்லை மக்கச் செய்கிறது. மூலைகளை நீர் பல பக்கமும் தாக்குவதால் அவை முதலில் கரைகின்றன; சதுரம் உருண்டையாகிறது. பிறகு மேல்மண் மழையில் அடித்துச் செல்லப்பட, நடுக்கல் நிலைபெறுகிறது. அந்நிழலிலேயே பிள்ளைகளை அமர்த்தி, வகுப்பில் நாங்கள் கூறியது தவறு என்றோம். விவிலியம் வெள்ளத்தைப் பற்றிச் சொல்கிறது; ஆம்பூர் மலைக் கற்களைப் பற்றி அது ஏதும் சொல்லவில்லை, சொன்னது நாங்கள்தாம். பிள்ளைகள் சிரித்தனர். புத்தகத்தை நம்பிய அந்த மாணவனுக்கு மட்டும் சிறிது வாட்டம்.

மாலையில் கடற்கரைக் கோயிலின் பக்கம் சென்றோம். அலை மோதும் பாறைகளில் பல்லவர் காலத்துச் செதுக்கல்கள் உப்புக் காற்றில் தேய்ந்து மழுங்கியுள்ளன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மணலை வாரிச் சென்றபோது, சற்று வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைப் பின்பற்றித் தோண்டியபோது, 2005இல் செங்கற்களாலான பழைய முருகன் கோயில் ஒன்றின் அடித்தளமே கிடைத்தது. கடல் அழிக்கவும் செய்கிறது, எடுத்துக் காட்டவும் செய்கிறது.

முதியவர் ஒரு பிடி மணலை அள்ளி, "இதுவும் கல்லுதானே" என்றார். ஆம். நந்தி மலையில் தோன்றி, ஆம்பூரையும் வேலூரையும் கடந்து, 348 கிலோமீட்டர் ஓடும் நம் பாலாறு இதற்குத் தெற்கே வயலூர் அருகில்தான் கடலில் சேர்கிறது. கடலோர நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியே மணலைத் தள்ளுகிறது. நம் மலைகள் கரைந்த துகளும் அப்பிடியில் இருந்திருக்கக்கூடும். "இப்ப தண்ணி வந்தாத்தானே சார் மணலு வரும்? வந்த மணலையும் லாரியில ஏத்திட்டோம்" என்றார் அவர். பாலாற்றில் கலந்த தோல் கழிவைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதை அறிவோம். அத்தொழிலில் உண்டு வளர்ந்தவர்களாகிய எங்களுக்கு அதைப் பேச நா எழவில்லை. அவரும் மேற்கொண்டு பேசவில்லை.

திரும்பும் வழியில் இராணிப்பேட்டையைக் கடந்து ஆற்காட்டுப் பாலத்தின்மேல் வந்தபோது நள்ளிரவு. பிள்ளைகள் உறங்கிவிட்டனர். கீழே ஆறு வறண்டு கிடந்தது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, மறைக்கல்வி வகுப்பை நம் மலையடிவாரத்தில் நடத்த எண்ணியுள்ளோம். மக்கிய மண்ணுக்குள் இருக்கும் உருண்டைக் கற்களை நேரில் காட்ட முதியவர் இசைந்துள்ளார். பிள்ளைகள் காலணி அணிந்து வருதல் வேண்டும்.