செப்பாங்கில் ஒரு வெள்ளோட்டம்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டி எழுதியபொழுது, எமது காலத்து ஆசிரியப் பெருமக்களைப் பற்றியோ, விடுதிச் சாலையின் புழுங்கலரிசிச் சோற்றைப் பற்றியோ யாம் எழுதுவோமென எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மினும் திறம்பட எழுதவல்லார் பலர் உளர். யாமோ பௌதிக கூடத்தின் பின்வாங்கில் அமர்ந்து, பின்னர்ப் பொறியியல் கற்று, முப்பத்துநான்கு ஆண்டுகள் எஞ்சின்களோடு காலங் கழித்தோம். ஆதலின் எஞ்சினைப் பற்றியே எழுதுகின்றோம். அதுவும் பந்தயத்துக்கென்றே செய்யப்படும் மோட்டார்ச் சயிக்கிள்களைப் பற்றி. வாசகர் பொறுத்தருள்க.

புதிதாய்ச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் ஒருநாள் வெறுந்தேராய் வடம் பிடித்து இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கின்றோம். அன்று சுவாமி எழுந்தருளுவதில்லை. சில்லும் அச்சும் எவ்வாறு இயங்குகின்றன என்று காது கொடுத்தபடி ஆசாரியார் பக்கத்தே நடந்து வருவார். மோட்டோ ஜீபீ எனப்படும் உலக மோட்டார்ச் சயிக்கிள் பந்தயத்திலும் இத்தகைய வெள்ளோட்டம் உண்டு. ஆண்டின் கடைசிப் பந்தயம் நவம்பரில் முடிந்த கையோடு ஒருமுறை புதிய வண்டிகளை ஓட்டிப் பார்ப்பர். டிசம்பரும் சனவரியும் ஓட்டத்துக்குத் தடையான மாதங்கள். பெப்பிரவரி பிறந்ததும் மலேசியாவிலுள்ள செப்பாங்கில் மீண்டும் கூடுவர். புள்ளியில்லை, வெற்றிக் கிண்ணமில்லை, விழாமேடையில்லை. ஆயினும் அவ்வாண்டின் விதி பெரும்பாலும் இந்நாட்களிலேயே எழுதப்பட்டு விடுகின்றது.

செப்பாங்கைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் அதன் வெயில். பெப்பிரவரியில் ஐரோப்பா குளிரில் ஒடுங்கிக் கிடக்கும்; சூடேறாத ரயர் தரையைப் பற்றாது. 1999 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வோடுபாதை 5.543 கிலோமீற்றர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. நீண்ட இரு நேர்பாதைகள் கொண்டையூசி போன்றதொரு வளைவிற் சந்திக்கின்றன. அந்த வெக்கையில் எஞ்சினும் மனிதனும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றனர்.

எவரும் விரும்பியபடி ஓட்டிப் பார்க்கலாமென்று எண்ணவேண்டா. 2023 ஆம் ஆண்டின் இறுதியில் வந்த விதிப்படி, வண்டி செய்யும் கம்பெனிகள் பெற்ற புள்ளிகளுக்கேற்ப நான்கு வகுப்புகளாய்ப் பிரிக்கப்பட்டன. முதல் வகுப்புக்குப் பரீட்சார்த்த ஓட்டத்துக்கென ஆண்டுக்கு 170 ரயர். கடைசி வகுப்புக்கு 260. கடைசி வகுப்பார் தம் பந்தய வீரரையே மேலதிக நாட்களில் ஓட்டிப் பார்க்கவும் விடலாம். 2024 இல் டுக்காட்டி தனித்து முதல் வகுப்பில் இருந்தது. ஒரு காலத்தில் உலகையே ஆண்ட ஹொண்டாவும் யமஹாவும் கடைசி வகுப்பில் இருந்தன. கணிதத்தில் நலிந்த எம்மைப் பாடசாலை விட்டபின் மறித்து வைத்து நடத்திய பின்னேர வகுப்பு எம் நினைவுக்கு வந்தது. அவ்வகுப்பில் இருப்பது அவமானந்தான். ஆனால் அங்கேதான் யாம் கணிதங் கற்றோம்.

மலாயாப் பென்சன்காரர் என்றால் எமதூரில் ஒரு காலத்திற் பெருமதிப்பு. றெயில்வேயிலும் கந்தோர்களிலும் உழைத்து மீண்ட அப்பெரியோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு, மகள் கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்ட பின்னரே அந்நாட்டைக் காணும் பேறு வாய்த்தது. 2024 பெப்பிரவரி 8 ஆம் நாள், மூன்று நாள் வெள்ளோட்டத்தின் கடைசி நாள், பேரன் எம்மைச் செப்பாங்குக்கு அழைத்துச் சென்றான்.

காலைப் பொழுதில் வேகத்துக்கே முதலிடம். பாதை இன்னும் கொதிக்கத் தொடங்கவில்லை. மென்மையான புது ரயர் பூட்டி, ஒரேயொரு சுற்றைத் தம்மால் இயன்ற வேகத்தில் ஓடிவிட்டு வீரர் திரும்புவர். இத்தாலியரான பிரான்செஸ்கோ பன்யாயா 1 நிமிடம் 56.682 செக்கனில் ஒரு சுற்றை முடித்தார். நால்வர் 1 நிமிடம் 57 செக்கனுக்குள் ஓடினர். நால்வரும் டுக்காட்டி வண்டியினர். பேரன் துள்ளிக் குதித்தான். “அம்மப்பா, இந்த முறையும் பன்யாயாதான், எழுதி வையுங்கோ!” என்றான். யாம் எழுதி வைக்கவில்லை, நல்லதாயிற்று. அவ்வாண்டு பன்யாயா பதினொரு பந்தயங்களில் வென்றும், 498 க்கு 508 என்னும் புள்ளிக் கணக்கில் ஹோர்கே மார்ட்டினிடம் பட்டத்தை இழந்தார்.

மார்ட்டினுக்கும் வெள்ளோட்டம் வேறொன்றை வைத்திருந்தது. பட்டத்தோடு அப்ரிலியா அணிக்கு மாறிய அவர், 2025 பெப்பிரவரி 5 ஆம் நாள் இதே செப்பாங்கில் முதல் நாளிலேயே இருமுறை வீழ்ந்து, வலக் கையிலும் இடக் காலிலும் என்பு முறிந்தார். பின்னர்ப் பயிற்சியொன்றிலும் வீழ்ந்தார். முதல் மூன்று பந்தயங்களுக்கு அவர் வரவில்லை. வந்த இடத்திலும் மீண்டும் கடுங்காயம். வெறுந்தேரென்று எண்ணி எவரும் சில்லின் கீழ்க் காலை வைத்தல் ஆகாது.

பிற்பகலிற் பேரனுக்குச் சலிப்புத் தட்டியது. எவரும் வேகமாய் ஓடவில்லை. பழைய ரயரோடு, பந்தயத்தில் ஓடுவது போலவே, சுற்றுக்குமேற் சுற்றாய் ஓடிக்கொண்டிருந்தனர். எமக்கோ அப்பொழுதுதான் சுவை பிறந்தது. பார்வையாளர் மேடைக்கு நேரெதிரே கராஜ்களின் வாயில்கள் தெரிந்தன. பேரனின் தூரதரிசினியை வாங்கி ஒரு கராஜை நோக்கினோம். வீரனொருவன் வந்திறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றிக் கதிரையில் அமர்ந்தான். பொறியியலாளர் மூவர் அவன்முன் குனிந்து நின்றனர். அவன் இரு கைகளையும் கைபிடியிற் பிடித்தவாறு நீட்டி, தோளைச் சரித்து, வளைவில் வண்டி என்ன செய்கிறதென்று காட்டிக் காட்டிப் பேசினான். ஒருவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வண்டியெங்கும் உணர்கருவிகள்; அவை தந்த வரைபுகள் பக்கத்திலிருந்த கணினியில் ஆயத்தமாய்க் கிடந்தன. அவன் பேசி முடித்த பின்னரே அவர்கள் கணினியின் பக்கந் திரும்பினர். இதனைப் பலமுறை கண்டோம்.

வாய் திறக்க உரிமையில்லாத வீரனும் உண்டு. ஹொண்டாவில் ஆறு உலகப் பட்டங்கள் பெற்ற மார்க் மார்க்கெஸ், 2023 நவம்பரில் வலென்சியாவில் முதன்முறை டுக்காட்டியில் ஏறினார். ஆண்டு முடியும்வரை பழைய ஒப்பந்தம் அவரைக் கட்டியிருந்தமையால் பத்திரிகையாளரோடு பேசுதல் தடை. ஆனால் வண்டியை விட்டு இறங்கியபொழுது அவர் முகத்திற் பூத்த முறுவலைப் படப்பிடிப்புக் கருவிகள் தப்பவிடவில்லை. 2025 இல் அவர் டுக்காட்டியில் உலகப் பட்டம் பெற்றார்.

வலென்ரீனோ றொசிக்கு 2003 இல் அந்த வாய்ப்பேனும் கிட்டவில்லை. ஹொண்டாவில் வெற்றிமேல் வெற்றி கண்டவர், எவரும் விரும்பாத யமஹாவுக்குப் போவதென முடிவு செய்தார். 1992 இல் வெயின் ரெய்னி பெற்ற பட்டத்துக்குப் பின் யமஹாவுக்கு அப்பட்டம் கிட்டியதேயில்லை. 2003 ஆம் ஆண்டிலோ ஒரு பந்தயத்தையும் அது வெல்லவில்லை. ஒப்பந்தம் டிசம்பர் முடிவு வரை இருந்தமையால், நவம்பரில் யமஹாவைத் தொட்டுப் பார்க்கவும் ஹொண்டா அவரை விடவில்லை. 2004 சனவரியில் செப்பாங்கில்தான் அவ்வண்டியில் முதன்முதல் ஏறினார். முதற் பந்தயத்துக்கு மூன்று மாதமும் இல்லை.

அங்கே மசாவோ புருசாவா என்னும் பொறியியலாளர் நான்கு வகை எஞ்சின்களோடு காத்திருந்தார். சிலிண்டருக்கு ஐந்து வால்வு உடையன, நான்கு வால்வு உடையன. ஒவ்வொன்றிலும் ஒழுங்காய் வெடிப்பது ஒன்று, ஒழுங்கின்றி வெடிப்பது மற்றொன்று. றொசி நான்கையும் ஓட்டிப் பார்த்து, நான்கு வால்வு கொண்ட ஒழுங்கின்றி வெடிக்கும் எஞ்சினைத் தெரிந்தார். அதன் ஓசை சீரான கீச்சொலியன்று; ஓர் உறுமல்.

இதன் சூட்சுமத்தைப் பௌதிக மாணவர் விளங்கிக்கொள்ளலாம். நான்கு சிலிண்டர் வரிசையாயுள்ள வழக்கமான எஞ்சினிற் பிஸ்டன்கள் நான்கும் ஒரே கணத்தில் நின்று, ஒரே கணத்தில் மீண்டும் விரைகின்றன. இரண்டு மேல் எல்லையிலும் இரண்டு கீழெல்லையிலும் நிற்பதே வேறுபாடு. நிற்கும்போது பிஸ்டன்களின் இயக்கசக்தி கிராங் தண்டுக்குப் போகின்றது. விரையும்போது அதிலிருந்து பிடுங்கப்படுகின்றது. இச்சடத்துவ முறுக்கம் உயர்ந்த சுழற்சியிற் பேருருக் கொண்டு, எரிபொருளின் தகனத்தால் வரும் முறுக்கத்தை மூடிவிடுகின்றது. வீரன் தன் வலக் கையாற் கேட்பது பின்னதை. பின்சில்லில் அவன் உணர்வதோ இரண்டுங் கலந்த குழப்பம். சந்தை இரைச்சலிடையே ஒருவர் காதோடு பேசுவது போலத்தான். புருசாவா கிராங் தண்டின் முளைகளைத் தொண்ணூறு பாகை இடைவிட்டு அமைப்பித்தார். ஒரு பிஸ்டன் நிற்கையில் இன்னொன்று விரைந்து செல்லும்; சடத்துவத்தின் இரைச்சல் ஏறக்குறையத் தானே அடங்கிவிடும். ரயர் எவ்வளவு பற்றுகிறது, எப்பொழுது வழுக்கப் போகிறது என்னும் மெல்லிய செய்தி வீரனுக்குக் கேட்கத் தொடங்கும். அதிக வலுவைத் தேடி எழுந்த எஞ்சின் அன்று இது. மனிதனின் உணர்வுக்கு இடம் விட்டுச் செய்யப்பட்ட எஞ்சின்.

2004 ஏப்பிரல் 18 ஆம் நாள் தென்னாபிரிக்காவின் வெல்கொம்மில் றொசி, ஹொண்டா ஓட்டிய மக்ஸ் பியாஜியை 0.210 செக்கனால் முந்தினார். பந்தயம் முடிந்து பாதையோரம் இறங்கியவர் வண்டியை முத்தமிட்டார். அவ்வாண்டுப் பட்டமும் அவருக்கே. அதே அமைப்புக் கொண்ட எஞ்சினை 2009 இல் யமஹா தெருவில் ஓடும் வண்டிக்கும் கொடுத்தது.

தூரதரிசினியைப் பேரனிடம் கொடுத்துவிட்டுச் சிறிதுநேரம் பேசாதிருந்தோம். கண்முன் நின்றது செப்பாங் அன்று. 1978 இல் யாம் இளம் பொறியியலாளராய் இருந்த ஒரு தொழிற்சாலையின் எஞ்சின் கூடம். பெரிய டீசல் எஞ்சினொன்றை முற்றாகப் பிரித்துப் பூட்டி வெள்ளோட்டம் விட்டோம். அதனை இயக்குபவர் எம்மினும் இருபது வயது மூத்தவர். மூன்று மணித்தியாலம் ஓடியபின் எம்மருகே வந்து, “ஐயா, இது மூச்சு வாங்கிற மாதிரிக் கிடக்கு. இன்னும் ரெண்டு நாள் பாரமில்லாமல் ஓட விட்டுப் பாப்பம்,” என்றார். யாம் மானிகளைக் காட்டினோம். எண்ணெய் அமுக்கம் சரி, வெப்பம் சரி, சுழற்சி சரி. மூச்சு வாங்குவதை அளக்கும் மானி எதுவென்று நகைத்தும் கேட்டோம். கூட நின்றோரும் நகைத்தனர். அறிக்கையிற் கையொப்பமிட்டோம்.

பதினாறாம் நாள் இரவு பெயாரிங் ஒன்று இறுகிக் கொனெக்டிங் றொட் முறிந்து எஞ்சினின் பக்கச் சுவரைப் பிளந்தது. அவருடைய இடக் கையில் இரு விரல்கள் போயின. விசாரணையில் “இயக்குபவரின் கவனக் குறைவு” என்று எழுதப்பட்டது. அத்தாளும் எம் மேசைக்கு வந்தது. அவர் முன்னமே எச்சரித்தாரென்பதை அறிந்தவர் யாம். எனினும் அதிலும் கையொப்பமிட்டோம். எமக்கு அப்பொழுது வேலை நிரந்தரமாகவில்லை. இதனைக் காரணமாய்ச் சொல்கின்றோம், நியாயமாய் அன்று. நட்டஈடு குறைந்தது. ஆசுபத்திரியில் அவரைப் பார்க்கச் சென்றபொழுது, கட்டுப்போட்ட கையை மடிமேல் வைத்தபடி, “எஞ்சினுக்கு என்னய்யா நடந்தது?” என்றே கேட்டார். பெயாரிங் என்றோம். தலையை அசைத்தார்.

மாலை ஆறு மணிக்குப் பாதை அடைக்கப்பட்டது. காரில் திரும்பும் வழியிற் பேரனுக்கு இதனைச் சொன்னோம். மனைவிக்குங்கூட இதனை யாம் சொன்னதில்லை. அவன் வெகுநேரம் பாதையையே பார்த்து ஓட்டிவந்தான். பின்னர், “அந்த ஆள் இப்ப எங்கை, அம்மப்பா?” என்று கேட்டான். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின என்பதைப் பழைய தொழிலாளி ஒருவர் வாயிலாய் அறிந்திருந்தோம். பிள்ளைகள் இருவர் இருந்தனர் என்பது நினைவு. ஊர் திரும்பியபின் அவர்களிருக்கும் இடத்தை விசாரித்து, அன்று எம்மிடம் அவர் சொன்னதையும் யாம் கையொப்பமிட்ட இரு தாள்களையும் பற்றி ஒன்றும் மறையாது எழுதியனுப்பினோம். மறுமொழி இன்னும் வரவில்லை.