அத்தியாயம் இரண்டும் ஆயாவின் 'ஆம்'மும்

- இறுதியாண்டு சிவில் மாணவன், சேந்தமங்கலம்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் மற்ற அத்தியாயங்களை எப்படியாவது எழுதிவிடலாம். முதல் அத்தியாயம் முன்னுரை. நாலு வரி சிமெண்டின் பெருமை, நாலு வரி சுற்றுச்சூழல் கவலை. மூன்றாவதில் மணலைச் சலித்தோம், ஜல்லியை நிறுத்தோம் என்று செய்ததைச் சொன்னால் போதும். இடையில் நிற்கிறதே ஒன்று, 'ரிவியூ ஆஃப் லிட்ரேச்சர்', அதுதான் ஆளைக் கொல்லும்! "லிட்ரேச்சர்னா கம்பராமாயணமாடா?" என்று எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன் கேட்டது இன்றும் ஹாஸ்டலில் வழங்குகிறது. நமக்கு முன்னே இதே வேலையைச் செய்தவர்கள் என்ன கண்டார்கள், அதில் எது நிற்கும், எது நிற்காது என்று எழுதும் அத்தியாயம் அது.

பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு இந்த அத்தியாயம் பெரும்பாலும் பரம்பரைச் சொத்தாகவே வந்து சேர்கிறது. சீனியரிடமிருந்து ஜூனியருக்கு, அவரிடமிருந்து ஜெராக்ஸ் கடைக்கு, அங்கிருந்து நமக்கு. எங்கள் கைக்கு வந்த பிரதியில் 'எட் ஆல்' என்பவர் பதினோரு ஆராய்ச்சி செய்திருந்தார். 'மிஸ்டர் எட் ஆல்' என்று மரியாதையோடு ஓரிடத்தில்! அது ஆள் பெயர் இல்லை, லத்தீனில் 'மற்றும் பிறர்' என்பதன் சுருக்கம். நம் பாஷையில் 'முதலியோர்'. முதலியோருக்கு முதல் மரியாதை கொடுத்த அந்தச் சீனியர் இன்று நல்ல கம்பெனியில் சைட் இன்ஜினியராக இருக்கிறார். அது வேறு விஷயம்.

எங்கள் ப்ராஜெக்ட், சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு முட்டை ஓட்டுப் பொடியைச் சேர்ப்பது. நாமக்கல் ஜில்லாவில் முட்டைக்கா பஞ்சம்? ஓட்டுக்கும் பஞ்சமில்லை. பரம்பரை அத்தியாயத்தின் முதல் வாக்கியம் இப்படி ஆரம்பித்தது: 'இட் ஹேஸ் பீன் ப்ரூவ்டு தட்...' அதாவது, பத்து சதவீதம் முட்டை ஓட்டுப் பொடி சேர்த்தால் காங்கிரீட்டின் பலம் கூடுகிறது என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது. யார் நிரூபித்தது, எத்தனை கியூப்பு உடைத்து, எந்த கிரேடில், ஒன்றும் கிடையாது. மொட்டையாக 'நிரூபிக்கப்பட்டது'.

அந்த ஜெராக்ஸ் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தபோது மாமா வந்தார். அவர் மேஸ்திரி. கையில் ஒரு வீட்டு வேலை, அந்த வாரக் கடைசியில் ரூஃப் காங்கிரீட். மாமா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சும்மா எடுத்து வாசித்து அப்பாவுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறாள். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா மாப்ள, மூட்டைக்கு அஞ்சு கிலோ இந்தப் பொடியப் போட்டா பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை மிச்சமாவுது. நிரூபணமே ஆயிருச்சுன்னு புள்ள படிக்கிறா. போட்டுரலாமா?"

எனக்கு வேர்த்துவிட்டது. ரூஃப் காங்கிரீட்! கீழே குடும்பம் படுத்துத் தூங்கப் போகிற இடம். "வேண்டாங்க மாமா. அது அவங்க லேப்ல கியூப்பு போட்டு உடைச்சுப் பாத்துச் சொன்னது. ஓட்டை எப்படிக் கழுவுனாங்க, சுட்டாங்களா, எவ்வளவு நைசா அரைச்சாங்க, ஒண்ணும் இதுல இல்ல" என்றேன். மாமா விடவில்லை. "அப்புறம் எதுக்குப்பா ஆயிருச்சுன்னு எழுதறீங்க? ஆவும்போல இருக்குதுன்னு எழுத வேண்டியதுதானே?"

மாமா எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் எங்களுக்குத் தேவையான பாடத்தை அவர்தான் நடத்தினார். அந்த 'போல'வுக்கு இங்கிலீஷ் ஆராய்ச்சித் தாள்களில் 'சஜெஸ்ட்ஸ்', 'அப்பியர்ஸ் டு' என்று தனி வினைச்சொற்களே இருக்கின்றன. அவற்றை நாம் கஷ்டமான இங்கிலீஷ், பகட்டு என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் சொன்னது, சொன்னவருக்கு எவ்வளவு நிச்சயம், எழுதுகிற நமக்கு எவ்வளவு நிச்சயம் - இந்த மூன்றையும் ஒரே வினைச்சொல்லில் அடக்குகிற வேலை அது.

அந்த வேலை தமிழனுக்குப் புதிதா? எங்கள் தெருவில் நின்றால் கொல்லிமலை தெரியும். ஆயா மலையைப் பார்த்து மூன்று விதமாகப் பேசும். கண்ணால் பார்த்தால் "மலை மேல மழை பெய்யுது". காரவள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்தவர் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் "மழை பெய்யுதாம்". யாரும் சொல்லாமல், ஓடையில் தண்ணீர் கலங்கலாக வருவதை மட்டும் பார்த்தால் "மேல மழை பெஞ்சிருக்கும் போல". பார்த்தது, கேட்டது, ஊகித்தது! ஒன்றை ஒன்றோடு குழப்பிப் பேசி நான் கேட்டதில்லை. முதலாவது 'வீ அப்சர்வ்டு'. இரண்டாவது 'ரிப்போர்ட்டட்'. மூன்றாவது மாமாவின் 'போல'. இங்கிலீஷில் வார்த்தைகளைத் தேட வேண்டியிருக்கிறது. நமக்கு அது பள்ளிக்கூடம் போகும் முன்பே நாக்கில் இருக்கிறது.

ஆயாவை விடுங்கள், தொல்காப்பியரைப் பாருங்கள். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே 'என்ப' வந்துவிடுகிறது. தமிழில் எழுத்து முப்பது என்பதைக்கூட அவர் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை; அப்படிச் சொல்வார்கள் என்கிறார். பிறகு நூல் முழுக்க 'என்ப', 'மொழிப', 'என்மனார்' என்று தமக்கு முன்னே இருந்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போகிறார். பெயர் சொல்லவில்லை, ஆண்டு போடவில்லை. இன்றைய எக்ஸாமினர் மார்க்கைக் குறைப்பார்தான். ஆனாலும் 'இது என் சரக்கு அல்ல' என்ற நேர்மை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. முதல்நூல், வழிநூல் என்று நூல்களைப் பிரித்ததும் அவரே. வழிநூலில் தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்கு வகை. இங்கிலீஷ் தாளைப் படித்துச் சுருக்கி நம் சொல்லில் எழுதுகிறோமே, அதற்கு அப்போதே பெயர் இருந்திருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பது அந்த நான்கிலும் இல்லை.

உரைகாரர்கள் இன்னும் ஒரு படி மேலே. சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதும்போது, தமக்கு முன் உரை எழுதிய இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்று மரியாதையோடு குறிப்பிடுகிறார். பல இடங்களில் அவர் கருத்தை எடுத்து முன்னே வைத்து, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டி மறுக்கவும் செய்கிறார். மரியாதை வேறு, சம்மதம் வேறு! நாமோ நேர்மாறு. பேப்பரில் அச்சாகி வந்துவிட்டால் போதும், கை கட்டி நின்றுவிடுகிறோம்.

எனக்கு ரொம்பவும் கை கொடுத்தது நன்னூல். பதிமூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்தது. அவர் நம் கொங்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரராம் ('ஆம்' போட்டுத்தான் சொல்கிறேன், கவனிக்கவும்). அதன் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒன்று வருகிறது. மதம் என்றால் இங்கே சாமி சமாச்சாரம் அல்ல, கொள்கை. பிறர் கருத்தின் முன்னே நூல் எழுதுபவன் எப்படியெல்லாம் நிற்கலாம் என்ற கணக்கு. உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டதுபோலக் கூடவே போய்ப் பிறகு களையலாம். இரண்டு பேர் மாறுபட்டால் ஒரு பக்கத்தைத் துணிந்து கொள்ளலாம். தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். யாரோடும் சேராமல் தன் கொள்கையில் நிற்கலாம். லிட்ரேச்சர் ரிவியூ எழுதுவது எப்படி என்று தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்கள் சொல்வதில் பாதி இதற்குள் அடங்கிவிடும். அதே பாயிரத்தில் பத்துக் குற்றங்களும் உண்டு. 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்' - நம் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று சந்தேகமாக இருக்கிறது!

இந்தத் துணையோடு நாங்கள் நாலு பேரும் பரம்பரை அத்தியாயத்தை மூட்டை கட்டிவிட்டு, மூலத் தாள்களை இறக்கிப் படித்தோம். ஒருவர் ஐந்து சதவீதமே நல்லது என்கிறார், ஒருவர் பத்து என்கிறார். 'என்றார்' வேறு, 'என்பர்' வேறு என்பதை அங்கேதான் பிடித்துக்கொண்டோம். ஒருவர் ஒரு சோதனையில் கண்டதை இறந்தகாலத்தில் 'ரிப்போர்ட்டட்' என்று அவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதினோம். எல்லாரும் ஏற்றுக்கொண்ட விஷயத்தை, உதாரணமாக முட்டை ஓட்டில் மிகப் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பதை, நிகழ்காலத்தில் எழுதினோம்.

இன்னொரு தாளில், முட்டை ஓட்டிலும் கால்சியம், சிமெண்டிலும் கால்சியம், ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று இருந்தது. நன்னூலார் சொன்னபடி கூடவே போனோம். ஆமாம், இரண்டிலும் கால்சியம்தான். ஆனால் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லை அரைத்து அப்படியே மூட்டையில் கட்டுவதில்லையே. களிமண்ணோடு சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டபிறகுதான் தண்ணீர் பட்டால் இறுகும் குணம் வருகிறது. சுடாத ஓட்டுப் பொடி பெரும்பாலும் இடுக்குகளை நிரப்புகிற நைஸ் தூளாகத்தான் வேலை செய்ய முடியும். ஆகவே அந்த 'ஆகவே'யைக் களைந்தோம். தாளாசிரியரைத் திட்டவில்லை. 'இக்காரணம் மட்டும் போதுமானதாகத் தோன்றவில்லை' என்பதோடு சரி.

பழைய முதல் வாக்கியம் இப்போது நீண்டுவிட்டது. தமிழில் சொன்னால், 'இன்னார் முதலியோர் இந்த ஆண்டில், எம் 20 கிரேடில், 28 நாள் பதப்படுத்திய 150 மில்லிமீட்டர் கியூப்புகளில், பத்து சதவீதம் வரை பலம் குறையவில்லை என்று தெரிவித்தனர்.' அழகு போய்விட்டது என்று குழுவில் ஒருவனுக்கு வருத்தம். மாமா மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். அவள் அப்பாவுக்கு அர்த்தம் சொன்னாள்: "அவங்க அவ்வளவுதான் பாத்தாங்களாம்ப்பா." அந்த 'களாம்' எங்கள் காதில் தேனாக விழுந்தது!

அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் யாரும் பார்க்காமல் விட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். 'இதுவரை எவரும் ஆராயவில்லை' என்று எழுதச் சொன்னார் பக்கத்து பேட்ச்காரர். எவரும் என்றால் உலகம் முழுக்கவா? 'நாங்கள் படித்த தாள்களில், பல மாதம் ஈரத்தில் கிடந்தால் என்னாகும் என்பது இடம்பெறவில்லை' என்று எழுதி நிறுத்திக்கொண்டோம்.

எங்கள் கியூப்புகள் இப்போது தொட்டியில் கிடக்கின்றன. 28ஆம் நாள் வருகிற புதன்கிழமை. ஒரு கியூப்பு 450 கிலோநியூட்டன் தாங்கினால் 20 நியூட்டன் கணக்கு வரும். தாங்குமா என்று மாமா தினமும் கேட்கிறார். தாங்கும் போல.